இலங்கை உள்நாட்டுப் போரில் இந்தியா தமிழர்களுக்கு உதவியதா, கெடுத்ததா?

கேட்டவர் ஒரு வரியில் பதில் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் என்றால்: இந்தியா தனக்கு உதவிக்கொண்டது. அது போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் போதவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திசையன்விளை பக்கம். எண்பதுகளில் எங்கள் பகுதியில் தூர்தர்ஷனைவிட இலங்கையின் ரூபவாஹினிதான் தெளிவாக வரும். மாமா வீட்டு மொட்டை மாடியில் பைப்பின்மேல் பைப் வைத்து ஆன்டெனா கட்டியிருந்தார். நான் மேலே நின்று பைப்பைத் திருப்புவேன். கீழேயிருந்து "வருது வருது... போச்சு, கிழக்க திருப்புல" என்று சத்தம் வரும். கிரிக்கெட் பார்க்கக் கூடிய கூட்டம்தான். ஆனால் இடையில் செய்தி வந்துவிடும். அந்த வயதில் எனக்கு டெல்லியைவிட யாழ்ப்பாணத்து வடமராட்சி பக்கத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருப்பது பலருக்குத் தெரியாது. பேச்சில் அவர்களுக்கும் அது தின்னவேலிதான். 1983 ஜூலை 23 இரவு அங்கேதான் புலிகள் ராணுவ வண்டியைத் தாக்கி 13 சிப்பாய்களைக் கொன்றார்கள். அடுத்த நாளே கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிய ஆரம்பித்தன. எங்கள் தெருக்காரர் ஒருவர் கொழும்பில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்த ஜூலைக்கு அப்புறம் ஒரு ரெக்சின் பையோடு ஊர் வந்து சேர்ந்தார். கடைசிவரை சட்டைப் பையில் கடைச் சாவியை வைத்திருந்தார், கடைதான் இல்லை.

அந்த வருடம்தான் இந்திரா காந்தி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தார். மூத்த ராஜதந்திரி ஜி. பார்த்தசாரதியைச் சமரசம் பேச அனுப்பினார். இன்னொரு பக்கம் உளவுத்துறை மூலம் போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கச் செய்தார். டேராடூன் பக்கமும் தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. இது வதந்தி இல்லை, பின்னாளில் ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் எழுந்த கொதிப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனா அமெரிக்கா பக்கம் சாய்ந்ததும், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்கு அங்கே பெரிய ஒலிபரப்பு நிலையம் வரவிருந்ததும், இஸ்ரேல்காரர்கள் வந்து இறங்கியதும், திருகோணமலைத் துறைமுகமும் டெல்லியை அதைவிட அதிகமாக உறுத்தின என்பது என் கணிப்பு. ஒரே இயக்கத்தை வளர்க்காமல் புலிகள், டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், புளொட் என்று ஐந்துக்கும் தீனி போட்டதைக் கவனியுங்கள். யாரும் தனியாக ஜெயித்துவிடக் கூடாது. கொழும்புக்கு வலி மட்டும் இருக்க வேண்டும். விளைவு? 1986-இல் புலிகள் டெலோவை ஒரேயடியாக அழித்தார்கள். இங்கே பயிற்சி எடுத்தவன் இங்கே பயிற்சி எடுத்தவனையே சுட்டான்.

சரி, உதவியே செய்யவில்லையா என்றால், செய்தது. 1987 மே, ஜூனில் இலங்கை ராணுவம் வடமராட்சியைப் பிடித்து யாழ்ப்பாணத்தை நெருங்கியது. இந்தியா படகுகளில் அனுப்பிய உணவை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஜூன் 4, மிராஜ் விமானங்கள் காவலுக்கு வர, ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் மூட்டைகளைப் போட்டன. மொத்தம் சுமார் 25 டன். ஒரு குடாநாட்டுக்கு அது எந்த மூலைக்கு? சிங்களவர்கள் இன்றும் அதைப் 'பருப்பு' போட்ட கதை என்றுதான் கேலி செய்வார்கள். ஆனால் விழுந்த பருப்பைவிட வந்த விமானத்துக்குத்தான் அர்த்தம். கொழும்புக்குப் புரிந்தது, தாக்குதல் நின்றது. இதை மறந்துவிட்டு எல்லாம் துரோகம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது ஜூலை 29, ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். மறுநாள் அணிவகுப்பில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒப்பந்தத்தோடு இருவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களைத்தான் யாரும் பேசுவதில்லை. திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்தக் கூடாது, அங்கேயுள்ள எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 1983-இல் டெல்லியை உறுத்திய பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழர்களுக்கு என்று சொன்ன பகுதி என்னவாயிற்று? ஒப்பந்தப்படி சேர்ந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013-இல்தான் நடந்தது. மாகாண சபைகளுக்கான காணி, போலீஸ் அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது. எண்ணெய்க் குதங்களுக்கோ 2003-இல் ஒரு ஏற்பாடு, 2022-இல் இன்னொரு ஒப்பந்தம் என்று வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒப்பந்தத்தைக் காக்கப் போய்ப் புலிகளோடே மோதிய இந்திய அமைதிப்படையின் கதைக்கு மறுபடி தின்னவேலிக்கே போக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். 1987 அக்டோபர் 11 நள்ளிரவில் புலித் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் அந்த வளாகத்தில் ஆட்களை இறக்கினார்கள். இந்தியப் படையின் ரேடியோ பேச்சைக் கேட்டுப் புலிகள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படை டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60 பேருக்கும் மேல் சுட்டுக் கொன்றது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் யாராக இருந்தாலும் முழுக்கதை சொல்லவில்லை.

என் சித்தப்பா அந்தப் படையில் டிரைவர். 88-இல் அங்கே போனார். யாழ்ப்பாணத்துப் பலாலி விமானதளத்தில் இறங்கியதுமே, "நம்ம தேரிக்காட்டுப் பக்கம் மாதிரியே ஒரே பனைதாம்ல" என்பார். தமிழ் தெரிந்ததால் வீடு சோதனைக்குப் போகும்போது இவரையும் ஏற்றிக்கொள்வார்கள். "தட்டுறது சர்தார், பேசுறது நான்." ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஒரு அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தம்பி எந்த இடம்?" என்றாராம். திருநெல்வேலி என்று சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் தின்னவேலிதான்" என்றாராம். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். எனக்குத் தெரிந்து சித்தப்பா அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்.

இந்தியச் சிப்பாய்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். இடையில் இன்னொரு கூத்து: இந்தியப் படையை வெளியேற்ற ஜனாதிபதி பிரேமதாசா புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். பெரிய நாடு நுழைந்தால் எதிரிகளும் கை கோத்துக்கொள்வார்கள் என்று டெல்லியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னை வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. அதன்பிறகு தமிழ்நாட்டிலும் பேச்சு அடங்கிவிட்டது. மாமா ஆன்டெனாவைக் கழற்றிவிட்டார் (அதற்குக் காரணம் கேபிள் டிவி, அரசியல் அல்ல).

2009-இல் இந்தியா போரில் இல்லை என்பார்கள். துருப்பு இல்லை, சரி. ரேடாரும் ரோந்துக் கப்பலும் உளவுத் தகவலும் இருந்தன. மே 13 இங்கே ஓட்டுப் போட்டோம், 16 எண்ணினார்கள், 18 முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. என் விரல் மை அழியவில்லை. அப்புறம் 2012, 2013-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு எதிராக வாக்களித்த இந்தியா, 2014-இல் ஒதுங்கிக்கொண்டது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் சீனா உட்கார்ந்துவிட்டதே, கொழும்பை ஒரேயடியாகப் பகைத்துக்கொள்ள முடியுமா?

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்க கங்கைகொண்டான் முகாமிலிருந்து ஒரு தம்பி வந்தான். அப்பா அம்மா 1990-இல் படகில் வந்தவர்கள், இவன் இங்கேயே பிறந்தவன். 2021-இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், பலகையும் புதிது. ஆள் பதிவு மட்டும் பழையபடிதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் சுவரில் சின்னம் வரைந்திருக்கிறான், நல்ல கை. ஏணியில் நின்று சன்னல் ஓரம் பட்டி பார்த்துக்கொண்டே கேட்டான்: "நீங்க எந்தச் சின்னத்துக்குண்ணே போடுவீங்க?" நான் சொன்னேன். "அதுதாண்ணே வரைய ரொம்ப கஷ்டம்" என்றான்.