நியூயார்க் கடைகளின் கிறிஸ்துமஸ் சன்னல்களில் சர்க்கஸ் வாடை அடிப்பது ஏன்?

கண்ணாடிச் சன்னல் என்பது கூடார வாசலில் நடக்கும் இலவச வேடிக்கைதான். அமெரிக்காவின் பெயர்பெற்ற வேடிக்கைக் காட்சி முதலாளி பி.டி. பார்னம் சர்க்கஸில் இறங்கியது 1871-இல். அதற்கு முன்பே, நியூயார்க்கின் பிராட்வே தெருவில் இருந்த தன் அருங்காட்சியகத்தின் மாடத்தில் பேண்ட் வாசிக்க வைத்து, முகப்பு முழுக்கப் படம் தொங்கவிட்டு வழிப்போக்கர்களை நிறுத்தியவர். கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான்: முதலில் ஆளை நிறுத்து, விற்பனை அப்புறம்.

இதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் எல். ஃபிராங்க் பாம். ஓஸ் மந்திரவாதி கதை எழுதியவரேதான். 1897-இல் சிகாகோவில் சன்னல் அலங்காரத்துக்கென்றே பத்திரிகை தொடங்கினார். அசையாத பொருளை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அவர் விவரித்த ஒரு வித்தை: பீடத்தின் மேல் ஒரு பெண்ணின் மேல்பாதி மட்டும் தெரியும். திடீரென்று பீடத்துக்குள் மறைவாள். சற்று நேரத்தில் வேறு தொப்பி, வேறு கையுறையோடு எழும்புவாள். அசல் மேஜிக் மேடை, விற்பது மட்டும் தொப்பி!

1914-இல் ஐந்தாவது அவென்யூவில் திறந்த லார்ட் அண்ட் டெய்லர் கடையில் சன்னல் தளமே ஹைட்ராலிக் லிஃப்ட். அடித்தளத்தில் ஜோடித்து, அப்படியே மேலே ஏற்றினார்கள்.

மேசீஸ் என்ற பெரிய கடை 1924-இல் பொம்மலாட்டக் கலைஞர் டோனி சார்கை வைத்து அசையும் பொம்மைச் சன்னல் அமைத்தது. அதே ஆண்டு அந்தக் கடை தெருவில் நடத்திய முதல் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சி சாலையிலிருந்து இரவல் வாங்கிய யானைகளும் நடந்தன. சர்க்கஸ் ஊருக்குள் நுழைவது போலவே!