ஜியோகேச்சிங்குக்கும் மலை நடைக்கும் எந்த ஜி.பி.எஸ். கருவி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கிறோம். யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜி.பி.எஸ். கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டைப் பன்னிரண்டு வயது மகனோடு சேர்ந்து கடந்த கோடையில் தொடங்கினோம். இதுவரை கைபேசியைக் கொண்டே தேடி வந்தோம். ஆனால் குளிர்காலம் வந்ததும் அது அரை மணி நேரத்திலேயே அணைந்துவிடுகிறது. என் கணவருக்கு புரூஸ் ட்ரெயில் என்ற நெடிய நடைபாதையைப் பகுதி பகுதியாக நடந்து முடிக்கும் ஆசையும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கருவி வாங்க நினைத்துக் கடைக்குப் போனபோது ஈட்ரெக்ஸ் எஸ்.இ., ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65எஸ், ஜிபிஎஸ்மேப் 67 என்று நான்கு கார்மின் கருவிகளைக் காட்டினார்கள். விலை கூடக் கூடத் துல்லியமும் கூடுமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அந்த அளவில் கூடாது. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைபேசியே ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடுகிறது. அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். இணையதளம் தரும் கணக்கு 4.9 மீட்டர். கையடக்கக் கருவிகள் அதைவிடக் கொஞ்சம் மேம்பட்டவையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் தேடிப் போகும் பெட்டியின் ஆயத்தொலைவை (அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அளந்தவரும் ஏதோ ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளந்திருக்கிறார் என்பதால், அவருடைய கருவியின் பிழையும் உங்கள் கருவியின் பிழையும் சேர்ந்தே உங்களை வந்தடைகின்றன. எவ்வளவு விலை கொடுத்தாலும் அவருடைய பிழையை உங்களால் குறைக்க முடியாது. கடைசிப் பத்து மீட்டரில் கருவியைப் பையில் போட்டுவிட்டு, விழுந்து கிடக்கும் மரத்தின் அடியையும் இயல்பாகக் குவியாத கற்குவியலையும் கண்ணால் தேடுவதுதான் வழி. அதில் உங்கள் மகன் உங்களை மிஞ்சிவிடுவான்.

துல்லியம் ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது உண்மைதான். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தின் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அது நிறுத்தப்பட்டதும் துல்லியம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. அந்த மே 3ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேச்சிங் பிறந்தது அப்படித்தான். அன்றைய கருவிகளாலேயே விளையாட முடிந்த விளையாட்டு இது.

விலை உயர்ந்த கருவியின் துல்லியம் பயன்படும் இடங்களும் உண்டு. அவற்றில் ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. புரூஸ் ட்ரெயில் செல்லும் நயாகரா எஸ்கார்ப்மென்ட்டின் செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் நிற்கும்போது வானத்தில் பாதி மறைந்துவிடும். நேராக வர வேண்டிய சமிக்ஞை பாறையில் மோதித் திரும்பி வருவதால், கருவி அந்தக் கூடுதல் தூரத்தையும் உண்மை என்று நம்பி, நீங்கள் நிற்காத இடத்தில் உங்களைக் காட்டும். 65எஸ், 67 ஆகிய இரண்டும் ஒரே செயற்கைக்கோளிலிருந்து எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளைப் பெறுவதால், இப்படி மோதித் திரும்பிய சமிக்ஞையை ஓரளவு அடையாளம் கண்டு ஒதுக்க முடிகிறது. 22எக்ஸுக்கும் எஸ்.இ.க்கும் அந்த வசதி இல்லை. ஆனால் பாதையில் நடப்பதற்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள புரூஸ் ட்ரெயில் முழுவதும் மரங்களில் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். கிளைப் பாதைகளுக்கு நீலப் பட்டை. உங்கள் கணவர் அந்தப் பட்டைகளைப் பார்த்தே நடக்கலாம். பாறையடியில் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும்போதுதான் இரண்டாவது அலைவரிசை உதவும்.

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது, கைபேசி குளிரில் அணைந்துபோகிறது என்ற வரியைத்தான். கருவியைத் தேர்ந்தெடுப்பதும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். 22எக்ஸ், எஸ்.இ., 65எஸ் ஆகிய மூன்றும் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளில் ஓடுகின்றன. 67 மட்டும் உள்ளேயே பொருத்தப்பட்ட, மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரியில் ஓடுகிறது. தயாரிப்பாளர் தரும் கணக்கின்படி 65எஸ் 16 மணி நேரமும், 22எக்ஸ் 25 மணி நேரமும், எஸ்.இ. 168 மணி நேரமும், 67 180 மணி நேரமும் தாங்கும். எண்களை மட்டும் பார்த்தால் 65எஸ் கடைசி இடத்துக்குப் போய்விடும். ஆனால் ஒரு பேட்டரி தீர்ந்தால் சட்டைப்பையிலிருந்து இன்னொரு சோடியை எடுத்து ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. உங்களைப் போல் காலையில் போய் மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு 16 மணி நேரம் தாராளம். பல நாள் கூடாரமிட்டு நடப்பவருக்குத்தான் 67இன் பேட்டரி பொருந்தும்.

பேட்டரியின் வகையும் முக்கியம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கரைசல். உறைநிலைக்குக் கீழே போனால் அதன் வேதிவினை மந்தமாகி, பாதித் திறன் மிச்சமிருக்கும்போதே கருவி அணைந்துவிடும். மின்னேற்ற முடியாத லித்தியம் டபுள் ஏ பேட்டரியில் நீர் கிடையாது. அது மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று குறிப்பிடப்படுகிறது, எடையும் குறைவு. ஆகவே கோடையில் மின்னேற்றிப் பயன்படுத்தும் நிக்கல் பேட்டரி, குளிர்காலத்தில் லித்தியம் என்று வைத்துக்கொள்வது சிக்கனம். மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவியின் அமைப்புப் பக்கத்தில் பேட்டரி வகையையும் மாற்றிக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் அளவைக் கருவி தவறாகக் காட்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

அடுத்தது திசைகாட்டி. 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நடந்துகொண்டிருக்கும் வரை, முன்பிருந்த இடத்தையும் இப்போதிருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு அதன் அம்பு சரியான திசையைக் காட்டும். பெட்டிக்கு ஆறு மீட்டர் தொலைவில் நின்று சுற்றிப் பார்க்கும்போது அதற்கு ஒப்பிட எதுவும் கிடைக்காததால், அம்பு ஒரு நொடி வடக்கையும் அடுத்த நொடி தென்மேற்கையும் காட்டிச் சுழலும்; பொறுமை இழந்த சிறுவன் அது காட்டும் பக்கமெல்லாம் ஓடுவான். நடைக்கு இது ஒரு குறையே அல்ல, ஜியோகேச்சிங்குக்குத்தான் குறை. ஏறத்தாழ அதே கருவியில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் சேர்த்து 32எக்ஸ் என்று விற்றார்கள். எங்காவது கிடைத்தால் அதைப் பாருங்கள். 65எஸ், எஸ்.இ., 67 மூன்றிலும் திசைகாட்டி உண்டு. பேட்டரி மாற்றியதும் காரிலிருந்து விலகி நின்று, திரையில் சொல்கிறபடி கருவியை மூன்று அச்சுகளிலும் திருப்பி அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எஸ்.இ. விலையில் உங்களைக் கவர்ந்திருக்கும். வெளியானபோது அதன் விலை 150 அமெரிக்க டாலர், 67இன் விலையோ 500. ஆனால் எஸ்.இ.யில் வரைபடம் இல்லை. பெட்டிகளின் விவரங்களை உடனுக்குடன் பெறவும், வரைபடத்தில் இடத்தைப் பார்க்கவும் அது கைபேசியோடு இணைந்திருக்க வேண்டும். கைபேசி அணைந்துபோகிறது என்பதற்காகவே கருவி வாங்கும் நீங்கள், அதே கைபேசியை நம்பியிருக்கும் ஒன்றை வாங்குவது பொருத்தமாகப் படவில்லை. மற்ற மூன்றிலும் வரைபடம் உள்ளேயே இருக்கிறது, மைக்ரோ எஸ்.டி. அட்டையில் தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட இலவச வரைபடங்களையும் ஏற்றிக்கொள்ளலாம். ஜியோகேச்சிங் தளத்தின் கட்டண உறுப்பினரானால், ஒரு பட்டியலுக்கு ஆயிரம் பெட்டிகள் வரை ஜி.பி.எஸ். கருவிகள் படிக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பாக இறக்கி, விவரம், குறிப்பு, முன்பு கண்டவர்களின் பதிவுகள் எல்லாவற்றோடும் கருவியில் ஏற்றிவிட முடியும். அதன் பிறகு காட்டில் கைபேசியைத் தொடவே வேண்டியதில்லை.

என் தேர்வு 65எஸ். முகப்பிலேயே உள்ள அதன் பொத்தான்களைத் தடித்த கையுறையோடும் அழுத்தலாம். 22எக்ஸின் சிறிய குமிழை அப்படி நகர்த்துவது எரிச்சலூட்டும் வேலை. பணம் இடித்தால் 32எக்ஸ் போதும். 67 நல்ல கருவிதான், ஆனால் அதற்கான கூடுதல் பணத்தை லித்தியம் பேட்டரிக்கும் பிள்ளைக்கு நல்ல குளிர்காலக் காலணிக்கும் செலவிடுவது மேல்.

கேள்வி: பழைய கருவி ஒன்றை மலிவாக வாங்கினேன். மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பக்கம் ஒரு பெட்டியின் ஆயத்தொலைவை நானே தட்டச்சு செய்து தேடிப் போனால், கருவி அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஓரிடத்தில் கொண்டு நிறுத்துகிறது. தேதியையும் தவறாகக் காட்டுகிறது. கருவி பழுதா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவைப் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவது வழக்கம். உங்கள் கருவி பாகை, நிமிடம், விநாடி என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் 1° 20.500 என்று இருப்பதன் பொருள் இருபதரை நிமிடம், அதாவது 20 நிமிடம் 30 விநாடி. அதையே 20 நிமிடம் 50 விநாடி என்று உள்ளிட்டால் இருபது விநாடி பிசகும். ஒரு அட்சரேகை விநாடி ஏறத்தாழ 31 மீட்டர் என்பதால், 600 மீட்டருக்கு மேல் வடக்கே போய் நிற்பீர்கள். அமைப்புப் பக்கத்தில் இட வடிவத்தைத் தசம நிமிடத்துக்கு மாற்றுங்கள். கூடவே, நில அளவை ஆதாரம் (ஆயத்தொலைவைக் கணக்கிடக் கருவி அடிப்படையாகக் கொள்ளும் புவி மாதிரி) டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஏதாவது பழைய காகித வரைபடத்துக்காக அதை மாற்றி வைத்திருக்கலாம்.

தேதிக்குக் காரணம் வேறு. ஜி.பி.எஸ். சமிக்ஞை வாரங்களை 1024 வரைதான் எண்ணும். பிறகு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதற்கேற்ப மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னோக்கிய தேதியைக் காட்டும். பெரும்பாலும் இடத்தைச் சரியாகவே சொல்லும். நடைப்பதிவில் தேதிதான் தவறாக விழும். தயாரிப்பாளரின் தளத்தில் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேதியைப் பொருட்படுத்தாமல் பயன்படுத்துங்கள். பல மாதம் அணைந்து கிடந்த கருவியை முதன்முறை இயக்கும்போது மட்டும் திறந்த வெளியில் கால் மணி நேரம் வைத்திருங்கள்; செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்க 12.5 நிமிடம் ஆகும்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் செல்பவன் நான். சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் வகைக் கருவியைக் கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கி வரலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே செய்யும் கருவி வேறு, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி வேறு. இரண்டாவது வகையை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். இத்தகைய கருவியோடு வந்த வெளிநாட்டு நடைப்பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த நிலைக்கு உங்கள் உறவினரை ஆளாக்காதீர்கள்.

தமிழக வனப்பகுதிகளில் 2018ஆம் ஆண்டு குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் நடக்க முடியாது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். அந்தப் பாதைகளில், முன்கூட்டியே வரைபடம் இறக்கி வைத்த கைபேசியும் ஒரு பவர் பேங்கும் போதும். கைபேசியை விமானப் பயண நிலையில் வைத்தாலும் பொதுவாக ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரியும் நெடுநேரம் தாங்கும். தனிக் கருவிதான் வேண்டும் என்றால் 65எஸ், 67 போன்ற, சமிக்ஞையைப் பெற மட்டுமே செய்கிறவற்றில் ஒன்றை வாங்குங்கள். 67இலேயே இன்ரீச் சேர்த்த இன்னொரு வகை, எண்ணுக்குப் பின்னால் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து ஒட்டி விற்கப்படுகிறது. தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், பெட்டியின் மேல் அந்த எழுத்து இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.