−12/4 பின்னமா, முழுவா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், −12/4, √16, 5.0 ஆகிய மூன்றும் முழுக்கள் அல்ல என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தாள். பின்னக்கோடும் தசமப் புள்ளியும் உள்ள எண் எப்படி முழுவாகும்?

பதில்: தங்கள் மகள் எண்ணின் மதிப்பைப் பார்க்காமல், அது எழுதப்பட்டிருக்கும் தோற்றத்தைப் பார்த்து விடையளித்திருக்கிறாள். −12-ஐ 4-ஆல் வகுத்தால் மீதியின்றி −3 கிடைக்கிறது, √16 என்பது 4, 5.0 என்பது 5. ஆகவே மூன்றும் முழுக்களே. சுருக்கிய பிறகும் பகுதியில் 1 அல்லாத எண் எஞ்சினால்தான், எடுத்துக்காட்டாக −12/5 போல, அது முழு அல்ல.

குழப்பத்திற்குப் பாடநூல் சொற்களும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1, 2, 3 என எண்ணிச் செல்பவை இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். −1, −2, −3 என்னும் குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். கடைசி இரண்டு பெயர்களும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால், ஒரு எண்கோட்டை வரைந்து, முழு எண்கள் 0-விலிருந்து வலப்பக்கம் மட்டும் செல்வதையும் முழுக்கள் இருபக்கமும் செல்வதையும் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். 3-லிருந்து 5-ஐக் கழிக்க இயல் எண்களில் விடை இல்லாததால்தான் குறை எண்கள் தேவைப்பட்டன. 628-ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் அவற்றைக் கடன் என்றும், மிகை எண்களைச் செல்வம் என்றும் கொண்டு கணக்கிடும் விதிகளை வகுத்திருக்கிறார்.

ஒரு எண் ஒரே வகையில்தான் அடங்கும் என்பதும் தவறான எண்ணம். 4 இயல் எண், முழு எண், முழு, 4/1 என எழுத முடிவதால் விகிதமுறு எண், எண்கோட்டில் இடம்பெறுவதால் மெய்யெண்ணும்கூட. √20 அப்படியன்று: எந்த முழுவை வர்க்கப்படுத்தினாலும் 20 வராது, எந்தப் பின்னத்தை வர்க்கப்படுத்தினாலும் வராது, எனவே அது விகிதமுறா எண். 22/7-இன் தசம வடிவில் 142857 என்ற இலக்கங்கள் ஓயாமல் மீண்டும் மீண்டும் வருவதால் அது விகிதமுறு எண்; அதற்கு நெருங்கிய மதிப்புடைய π விகிதமுறா எண்.

வீட்டுப் பயிற்சிக்கு −18/6, √49, 7.5, 0/7 ஆகியவற்றைக் கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 0/7 என்பது 0, ஆகவே முழு. அதையே தலைகீழாக 7/0 என எழுதினால் அது எண்ணே அல்ல, ஏனெனில் 0-ஆல் பெருக்கி 7 தரும் எண் எதுவும் இல்லை.