முதலாளி சொன்னால் விக்கிப்பீடியாவில் எழுதலாமா?

கேள்வி: ஊத்துக்குளியிலிருந்து தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். சில வருடங்களாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். பெரும்பாலும் எங்கள் பக்கத்துக் குளங்கள், சந்தைகள், நடுகற்கள் பற்றி. இது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. “கண்ணு, நம்ம கம்பெனிக்கும் ஒரு பக்கம் போட்டுடு. அப்படியே நொய்யல் பக்கத்துல சாயக்கழிவுன்னு எழுதியிருக்கறதக் கொஞ்சம் கொறச்சுடு” என்கிறார். மிரட்டலாக இல்லை, வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போலத்தான் சொல்கிறார். இதற்கிடையில், என் மாமனார் அறங்காவலராக இருக்கும் குலதெய்வக் கோயிலைப் பற்றி நான் எழுதிய கட்டுரையின் தலையில் ‘விளம்பரம் போல் உள்ளது’ என்று யாரோ அறிவிப்பு வைத்துவிட்டார்கள். நான் பொய் எதுவும் எழுதவில்லையே? எதை எழுதலாம், எதை விட்டுவிட வேண்டும்? முதலாளியிடம் எப்படிச் சொல்வது?
— வாசகி, ஊத்துக்குளி

பதில்: பொய் எழுதவில்லை என்பதை நம்புகிறோம். ஆனால் அறிவிப்பு வைத்தவர் எழுப்புவது வேறொரு சந்தேகம். எழுதியவருக்கு இந்த விஷயத்தில் சம்பளமோ சொந்தமோ பங்கோ இருக்கிறதா? இருந்தால் அதை வெளியே சொல்லியிருக்கிறாரா? நலமுரண் (எழுதும் விஷயத்தில் எழுதுபவருக்கே சொந்த ஆதாயம் அல்லது தொடர்பு இருப்பது) இருக்கிறது என்று சொன்னால் உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதாகாது. பாகம் பிரிக்க நிலம் அளக்கும்போது சங்கிலியின் இரண்டு முனையையும் ஒரே பங்காளி பிடிப்பதில்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பிடிப்பதில்லை.

நீங்கள் கேட்டவற்றில் கனமானது நொய்யல்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் சாயக்கழிவு தேங்கியது, கீழ்ப் பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இதெல்லாம் நீதிமன்ற ஆவணத்திலும் நாளிதழ்களிலும் இருக்கிற செய்தி. சாயப்பட்டறையில் சம்பளம் வாங்கும் ஒருவர் அந்தப் பத்தியில் கை வைக்கவே கூடாது. வாக்கியத்தை எடுப்பது மட்டுமில்லை, ‘கடுமையாக’ என்பதை ‘ஓரளவு’ என்று மாற்றுவதும், ஆதார இணைப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லி வாக்கியத்தையே தூக்குவதும் அதே கணக்கில்தான் வரும்.

கூடுதலாகப் புகழ்ந்து எழுதினால் படிப்பவருக்கே வாடை தெரிந்துவிடும். நீக்கிய வாக்கியம் அப்படியில்லை. அது இருந்ததே படிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பழைய பங்களிப்பாளர்கள் சேர்ப்பதைவிட நீக்குவதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திலும் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நிமிடத்தில், எத்தனை பைட்டு குறைந்தது என்பது பதிவாகி நிற்கும். ஐந்து வருடம் கழித்து ஒரு நிருபர் அதைத் திறந்து பார்த்தால், செய்தி உங்கள் பட்டறையின் பெயரில்தான் வரும். முதலாளிக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அவருடைய மனக்குறையில் நியாயமும் இருக்கலாம். கட்டுரை 2011-ஓடு நின்றுபோய், அதற்குப் பின் கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் இயங்குவதையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சொல்லாமல் விட்டிருந்தால் அது குறைதான். அதைச் சரிசெய்யக் கேட்கும் இடம், கட்டுரையைப் பற்றிப் பங்களிப்பாளர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கம். அங்கே புதிய தலைப்பிட்டு இப்படி எழுதலாம்:

“நான் திருப்பூரில் இன்ன சாயப்பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என் முதலாளி கேட்டதன் பேரில் இதை எழுதுகிறேன். ‘மாசு’ பகுதியின் கடைசிப் பத்தி 2011 உத்தரவோடு முடிகிறது. அதன் பிறகு நடந்தது பற்றிக் கீழ்க்காணும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாமா? ஆதாரம்: இன்ன நாளிதழ், இன்ன தேதி, இன்ன பக்கம். ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்கக் கேட்கவில்லை.”

சேர்க்க வேண்டிய வாக்கியத்தை முழுதாகக் கொடுங்கள். ‘இந்தப் பகுதியை நடுநிலையாக மாற்றவும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாரும் தொடமாட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் பதில் வரத் தாமதமாகும். ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டு பங்களிப்பாளர்கள் பொதுவாகப் பேசும் ‘ஆலமரத்தடி’ பக்கத்தில் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்பதற்காக நீங்களே போய்ச் சேர்த்துவிடாதீர்கள். வேறொருவர் படித்துப் பார்த்து, ஆதாரத்தைச் சரிபார்த்துச் சேர்க்கட்டும். வாக்கியம் நிலைத்து நிற்பது அப்போதுதான்.

அடுத்து, சம்பள விஷயம். ‘இதற்கென்று தனியாகக் காசு வாங்கவில்லையே’ என்று பலர் நினைக்கிறார்கள். முதலாளி சொல்லி, வேலையின் பகுதியாக எழுதினால் மாதச் சம்பளமே அதற்கான கூலிதான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகள் 2014-லிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன: யாரிடம் வேலை, யாருக்காக எழுதுகிறோம், என்ன தொடர்பு என்பதைச் சொல்லியாக வேண்டும். பணமாக இல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ வாங்கினாலும் விதி ஒன்றுதான். உங்கள் பயனர் பக்கம், கட்டுரையின் உரையாடல் பக்கம், சேமிக்கும் முன் நிரப்புகிற ‘சுருக்கம்’ பெட்டி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றில் சொன்னால் போதும். பயனர் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு வரி வைத்துவிடுங்கள், எளிது. உங்கள் சொந்தப் பெயரை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டறையின் பெயரை மறைக்கத்தான் கூடாது. சிறிய ஊரில் பட்டறைப் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும் என்று தயக்கமாக இருந்தால், அந்த வேலையை ஏற்காமல் இருப்பதே வழி.

கம்பெனியின் பெயரிலேயே கணக்கு தொடங்க முதலாளி சொல்லலாம். வேண்டாம். ஒரு கணக்கு ஓர் ஆளுக்குத்தான். நீங்கள் வேலையை விட்டபின் அடுத்து வருபவருக்குக் கடவுச்சொல்லைக் கைமாற்றுவதும் கூடாது. அலுவலகத்தில் நான்கு பேரை ஆளுக்கொரு கணக்கு தொடங்கி ஆதரித்து எழுதச் சொல்வது அதைவிட மோசம். ஒரே இணைய இணைப்பிலிருந்து வருவதைச் சரிபார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் விக்கிமீடியாவில் இருக்கிறார்கள். சிக்கினால் உங்கள் பழைய கணக்கும் சேர்த்துத் தடைபடும். இத்தனை வருடமாகக் குளங்களைப் பற்றி எழுதிச் சம்பாதித்த நல்ல பெயரும் அதோடு போகும்.

இனி, கம்பெனிக்குப் பக்கம். முதல் கேள்வி, கம்பெனியோடு தொடர்பில்லாத யாராவது அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பது. இரண்டு மூன்று நல்ல கட்டுரைகளாவது, வெவ்வேறு இடங்களில் வந்திருக்க வேண்டும். கம்பெனியின் இணையதளம், ஐஎஸ்ஓ சான்றிதழ், ஏற்றுமதி விருது, தொழில்துறைச் சங்க மலரில் வந்த வாழ்த்து எதுவும் இதில் சேராது. நாளிதழின் ‘சிறப்பு மலர்’ பக்கங்களைக் கவனித்துப் பாருங்கள்: கட்டுரைக்குக் கீழேயே அதே கம்பெனியின் விளம்பரம் இருந்தால், அது காசு கொடுத்து வந்த எழுத்து. அனுப்பிய செய்திக்குறிப்பை மூன்று பத்திரிகைகள் அப்படியே போட்டிருந்தால் அது ஒரே ஆதாரம்தான், அதுவும் உங்களுடையது. நன்றாக நடக்கிற, நூறு பேருக்கு வேலை கொடுக்கிற எத்தனையோ பனியன் கம்பெனிகளுக்குக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் கிடையாது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆதாரங்கள் உண்மையிலேயே இருந்தால், உங்கள் மணல்தொட்டியில் (எழுதிப் பார்ப்பதற்கான சோதனைப் பக்கத்தில்) வரைவை எழுதி, தொடர்பை அறிவித்து, மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘கொங்கு மண்ணின் பெருமையாய், தரத்துக்குப் பெயர்போன’ என்று தொடங்கினால் அன்றைக்கே நீக்கிவிடுவார்கள். ‘இன்ன ஆண்டில் இன்ன ஊரில் தொடங்கப்பட்ட, பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்றும் நிறுவனம்’ என்பது போதும். முதலாளியின் படத்தை ஏற்றும்போதும் கவனம் தேவை. ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்துக்குப் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் அதை விக்கிப்பீடியா படங்களுக்கான சேமிப்பிடமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட முடியாது. பதிப்புரிமை உள்ளவர், யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற உரிமத்துக்கு மின்னஞ்சலில் ஒப்புதல் தர வேண்டும்.

முதலாளிக்கு இரண்டு விவரங்கள் உறைக்கும். ஒன்று, விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறியீடு அவற்றிலேயே இருக்கிறது. கூகுளில் கம்பெனியை மேலே தூக்கலாம் என்று அங்கே இணைப்பு வைப்பது வீண். இன்னொன்று, பக்கம் வந்துவிட்டால் அது அவர் சொத்தில்லை. நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் கொடுத்துச் செய்தி வந்தால், அதையும் யாரோ ஒருவர் ஆதாரத்தோடு சேர்ப்பார். எடுங்கள் என்று கேட்டால் எடுக்கமாட்டார்கள்.

‘இத்தனை ஆயிரத்துக்குப் பக்கம் போட்டுத் தருகிறோம்’ என்று அவருக்குத் தொலைபேசி வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பலின் 381 கணக்குகள் தடைசெய்யப்பட்டன. ஏற்கப்படாத வரைவுகளைத் தேடிப் பிடித்து, அந்தத் தொழில்காரர்களையே தொடர்பு கொண்டு, தங்களை விக்கிப்பீடியாவின் உள் ஆட்கள் போலக் காட்டிக் காசு கேட்டவர்கள் அவர்கள். போட்ட பக்கத்தைப் ‘பாதுகாக்க’ மாதாமாதமும் கேட்டார்கள்.

கோயில் கட்டுரைக்கு வருவோம். குலதெய்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதத் தோன்றும், அது இயல்பு. ஆனால் கொங்கு நாட்டில் கோயிலோடு கூட்டம் (குலப்பிரிவு), காணி (பரம்பரை உரிமை), முதல் மரியாதை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எந்தக் கூட்டத்தார் முதலில் குடியேறினார்கள், யாருக்குக் காணியுரிமை என்று ஒரு வரி எழுதினால் அது இன்னொரு தரப்புக்கு எதிரான சாட்சியாகிவிடும். நிர்வாகம் பற்றி வழக்கு நடக்கிறதென்றால், அறங்காவலரின் மருமகளான நீங்கள் அந்தக் கட்டுரையை விட்டு முற்றிலும் விலகிவிடுங்கள். வழக்கு இல்லையென்றால், ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை’, ‘கேட்ட வரம் தரும்’ போன்றவற்றை எடுத்துவிட்டு, தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் அந்த ஊர் வருகிறதா என்று பார்த்து, தொகுதியும் கல்வெட்டு எண்ணும் கொடுங்கள். தல வரலாற்றுச் சிறு புத்தகத்தை வைத்து ‘கோயிலார் நம்பிக்கைப்படி’ என்று சொல்லி எழுதலாம். அதையே சரித்திரமாக எழுதக் கூடாது.

எழுத்துப்பிழை திருத்துவது, யாரோ கெட்ட வார்த்தை போட்டுப் போனதை மீட்டெடுப்பது போன்றவற்றை எந்தக் கட்டுரையிலும் செய்யலாம், தொடர்பு இருந்தாலும் சரி. உங்கள் தொழில் அறிவும் உங்களுக்குத் தடையாகாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற, அடர்நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்காமல் முழுதும் கழிவுநீரில் வருகிறது. அதைப் பிரிக்கத்தான் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கிகளும். இதைப் பாடநூல் ஆதாரத்தோடு, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லாமல், சாயமேற்றல் பற்றிய கட்டுரையில் எழுதுங்கள். நொய்யல் வழக்கு ஏன் வந்தது என்று தமிழில் புரிந்துகொள்ள அப்படி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தொழில் தெரிந்தவர்கள் எழுதினால்தான் அது சரியாக வரும்.

முதலாளியிடம் பேசும்போது ‘விதி விடாதுங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “அண்ணா, நம்ம ஆளே அழிச்சான்னு வெளிய தெரிஞ்சா துணி வாங்கற பையருக்கும் பதில் சொல்லணும். சுத்திகரிப்பு பத்தி வந்த நல்ல செய்தி இருந்தா கொடுங்க, நம்ம பேரச் சொல்லியே உரையாடல் பக்கத்துல கேக்கறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டுப் பையர்களின் தணிக்கையைச் சந்தித்த எவருக்கும் இது புரியும். அதற்கும் மேல் வற்புறுத்தினால், அந்த வேலையைச் செய்ய மறுப்பதுதான் சரி.

கோயில் கட்டுரையின் தலையில் இருக்கும் அறிவிப்பை நீங்களாக எடுக்காதீர்கள். மாமனாரின் பொறுப்பை உரையாடல் பக்கத்தில் சொல்லி, நீங்கள் செய்த திருத்தங்களை வரிசையாக எழுதி, அறிவிப்பு வைத்தவரின் பயனர் பெயரைக் குறிப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரவில்லையென்றால், கோயிலோடு தொடர்பில்லாத வேறொரு பங்களிப்பாளர் பார்த்து எடுக்கலாம்.