மக்களவையில் சிறு கட்சிக்கு ரெண்டு நிமிடம்தானா?

தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி ஒரு சிறு கட்சி எம்.பி. பேச எழுந்தால், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறார்களே, இது என்ன நியாயம் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் தலைக்கணக்குதான். ஒரு விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கும். அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். மொத்த இடங்கள் 543. பத்து மணி நேர விவாதம் என்றால் 600 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 2024 தேர்தல் கணக்கில் 240 பேர் உள்ள பா.ஜ.க.வுக்கு நாலரை மணி நேரம் வரை கிடைக்கும். 22 பேர் உள்ள தி.மு.க.வுக்குச் சுமார் 24 நிமிடம். இரண்டு பேர் உள்ள வி.சி.க.வுக்கு ரெண்டே நிமிடம்! நடைமுறையில் சபாநாயகர் கொஞ்சம் தாராளம் காட்டுவார். ஆனால் அது அவர் மனசு.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நேரத்தின் ஒரு பகுதியை எல்லாக் கட்சிக் குழுக்களுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் இன்னொரு பகுதியைத்தான் எண்ணிக்கைப்படி பிரிக்கிறார்கள். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. பெரிய கட்சியில் பத்தாவதாகப் பேசுகிறவர் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

தாமிரபரணி மாதிரி ஊர்ப் பிரச்சினைக்குப் பூஜ்ய நேரம் (கேள்வி நேரத்துக்குப் பிறகு அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்) இருக்கிறது. அங்கே யாருக்கு வாய்ப்பு என்பதைப் பெரும்பாலும் குலுக்கல் முடிவு செய்யும்; கட்சி பலம் செல்லாது. பேசும் வரிசை மட்டும் சபாநாயகர் கையில்.