டைக்ளோஃபினாக்குக்கு மொபைல் ஃபேஸ்: மெத்தனாலா, அசிட்டோநைட்ரைலா?

சென்னையில் எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை ஹெச்பிஎல்சியில் (திரவ ஓட்டத்தில் பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்க வேண்டும், கையில் 250 × 4.6 மி.மீ. சி18 (கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா நிரப்பிய குழாய்), அதன் வழியே ஓட்டும் திரவமான மொபைல் ஃபேஸை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சால்வென்ட் அப்புறம்; முதலில் பிஹெச்சை முடிவு செய்யுங்கள்.

டைக்ளோஃபினாக்கின் பிகேஏ (மருந்தில் பாதி அயனியாகும் பிஹெச்) ஏறத்தாழ 4. பஃபரையும் (பிஹெச்சை நிலையாக வைக்கும் உப்புக் கரைசல்) 4-இல் வைத்தால் மருந்தில் பாதி அயனியாகிவிடும், பிஹெச் 0.1 நகர்ந்தாலே பீக் (மருந்து வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் முகடு) இடம் மாறும். மீட்டரைத் தினமும் காலிபரேட் செய்யாத லேபில் 0.1 பிசகுவது சர்வசாதாரணம். அதனால் ஒன்றரை யூனிட் தள்ளி 2.5-இல் வையுங்கள். 2-க்குக் கீழே சி18 சங்கிலி சிலிக்காவை விட்டுக் கழலும், 8-க்கு மேல் சிலிக்காவே கரையும்.

ஒரு லிட்டர் ஹெச்பிஎல்சி கிரேடு தண்ணீரில் (வீட்டு கேன் தண்ணீர் ஆகவே ஆகாது) 2.72 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் போட்டால் 20 மில்லிமோலார். ஆர்த்தோபாஸ்பாரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2.5-க்குக் கொண்டு வந்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். மெத்தனால் கலந்த பிறகு பிஹெச் பார்த்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

276 நானோமீட்டர் புற ஊதா ஒளியில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் மெத்தனாலே போதும், விலையும் குறைவு. 210-க்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியிருந்தாலோ பிரஷர் அதிகமாக ஏறினாலோ அசிட்டோநைட்ரைலுக்கு மாறுங்கள்.

மெத்தனால் 70, பஃபர் 30 என்று தொடங்கி, நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டுங்கள். சி18-இல் ஒட்டாத பொருள் சுமார் இரண்டரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும். உங்கள் பீக் 20 நிமிடத்தில் வந்தால் மெத்தனாலை 80 ஆக்குங்கள். 10 சதவீதம் கூட்டினால், அந்த இரண்டரை போக மிச்சமுள்ள நேரம் இரண்டு மூன்று மடங்கு குறையும். பீக் 9, 10 நிமிடத்துக்கு வரும். 4 நிமிடத்திலேயே வந்தால் மெத்தனாலைக் குறையுங்கள், இம்ப்யூரிட்டி ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

80-க்கு ஏற்றும் முன் அதே விகிதத்தில் ஒரு டெஸ்ட் ட்யூபில் கலந்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மோர் மாதிரி லேசாகக் கலங்கினாலும் பாஸ்பேட் உப்பு பிரிகிறது என்று அர்த்தம். பம்ப் சீல் போய்விடும். பஃபரை 10 மில்லிமோலாராகக் குறையுங்கள்.

மெத்தனாலையும் பஃபரையும் தனித்தனி சிலிண்டரில் அளங்கள். ஒரே சிலிண்டரில் ஊற்றிக் குறி வரை நிரப்பினால், கலக்கும்போது அளவு சுருங்குவதால் விகிதம் தப்பும். கலவை சூடாகும், ஆறவிட்டு சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைக்கும் தொட்டி) கேஸ் நீக்குங்கள்.

சென்னை வெயிலில் பாஸ்பேட் பஃபரை வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் வளரக்கூடும், தினமும் புதிதாகப் போடுங்கள். சாயங்காலம் ஏசியை அணைத்ததும் பீக் முன்னால் நகர்ந்தால் மொபைல் ஃபேஸைக் குறை சொல்லாதீர்கள். சி18 குழாய் இருக்கும் ஓவனை 35 டிகிரியில் நிறுத்துங்கள். ரன் முடிந்ததும் நேரே சுத்த மெத்தனாலுக்குப் போகாமல், தண்ணீர் 90 மெத்தனால் 10 கலவையை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மாறுங்கள்.