நம் பராமரிப்புத் துறை எந்த வகை?

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளைக்குக் கோயம்புத்தூரில் மூன்று வளாகங்களும் திருப்பூரில் ஒரு பள்ளியும் உள்ளன. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தோட்டக்காரர் ஆகியோர் எங்கள் ஊழியர்கள். துப்புரவும் காவலும் ஒப்பந்தத்தில் நடக்கின்றன. துறையைச் சீரமைக்க விரும்பும் நிர்வாகம், இது எந்த வகை அமைப்பு என்று கேட்கிறது. எப்படி வகைப்படுத்துவது?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: கட்டடங்களையும் அவற்றின் சேவைகளையும் பராமரிக்கும் வசதி மேலாண்மைத் துறையில் வழக்கிலுள்ள வகைப்பாடு இடத்தையும் அளவையும் பார்க்கிறது. வாடகைத் தளத்தில் அலுவலக மேலாளரே எல்லாவற்றையும் கவனிப்பது முதல் வகை. ஒரே கட்டடம், ஒரே ஊரில் பல இடங்கள், பல ஊர்களில் கிளைகள், பல நாடுகள் என்று அது விரிந்துகொண்டே போகும். சாலை, குடிநீர், வடிகால், மின்விநியோகம் எனத் தனி ஊரைப் போலவே இயங்கும் வளாகங்களைப் 'பொதுப்பணி வகை' என்று பிரிப்பார்கள். ஏறத்தாழ 250 ஹெக்டேர் பரப்பில் விடுதிகளும் குடியிருப்புகளும் ஆய்வகங்களும் அமைந்து, அவற்றைக் கவனிக்கச் சொந்தப் பொறியியல் பிரிவையும் வைத்திருக்கும் சென்னை ஐ.ஐ.டி. இதற்குச் சான்று.

இந்தக் கணக்கில் உங்களுடையது 'பல ஊர்' வகை. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பூரை வைத்து அப்படிப் பெயரிடுவதால் சீரமைப்புக்கு ஒரு பயனும் விளையாது. செலவு செய்யும் முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. திருப்பூர்ப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரே ஆளை அழைத்துக் காயில் கட்டி, பில்லையும் தீர்த்துவிட முடியுமானால், அங்கே தன்னாட்சி உள்ள கிளை இருக்கிறது. மூன்று கொட்டேஷன் வாங்கிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, செயலாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டுமானால், உங்களுடையது தொலைவில் ஒரு கட்டடத்தை வைத்திருக்கும் ஒற்றைத் தலைமையிட அமைப்பு, அவ்வளவுதான்.

1854-இல் தொடங்கிய மத்தியப் பொதுப்பணித் துறை நாடு முழுவதும் பரவியிருந்தும் இயங்க முடிவதற்கு ஒரு முக்கியக் காரணம், தலைமைப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் என ஒவ்வொரு நிலையிலும் இருப்பவர் எத்தொகை வரை ஒப்புதல் அளிக்கலாம் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டிருப்பதே.

இரண்டாவது அளவுகோல், வேலையைச் செய்வோர் யார் என்பது. லிஃப்ட், ஜெனரேட்டர் போன்றவற்றை ஏ.எம்.சி.க்கு, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, விடுவது பரவலான வழக்கம் என்பதால், முழுக்கச் சொந்த ஆட்களைக் கொண்டே நடத்தும் அமைப்பு அரிது. வசதி மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 41001 சான்றிதழ் வாங்கினால் வகை தெளிந்துவிடும் என்று ஆலோசகர் எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 2018-இல் வெளியான அத்தரநிலை எந்த அளவு, எந்த வகை நிறுவனத்துக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டது.

கடந்த ஓராண்டின் புகார்ப் பதிவேட்டையும் பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தந்தவர் யார், வேலை செய்தவர் யார், முடிய எத்தனை நாள் ஆயிற்று என்று வளாகவாரியாக ஓர் அட்டவணையில் குறியுங்கள். ஒப்பந்தத் துப்புரவாளர்களின் வேலையை உங்கள் ஊழியர்களில் யார் சரிபார்க்கிறார் என்பதையும் அதிலேயே சேருங்கள். அந்தக் கட்டம் வெற்றாக நின்றால், சீரமைப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.